அம்மன் புடவையும் ஒரு கோடிட்ட இடமும்

அன்று இருந்தவர்கள்: தறிப் பலகையில், கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டபடி கலைவாணி. அவளுக்கு வலப்பக்கம், புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளும்போது எங்கே உட்காருவாளோ அதே இடத்தில், பக்கத்து வீட்டுக் காந்தாக்கா. வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், கலைவாணி பிறந்த ஊரிலிருந்து வந்திருந்த கைலாசம். அவர் மடியில் நீளக் காது வைத்த மஞ்சள் துணிப்பை. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் கலைவாணியின் தங்கை சந்தியா. சார்ஜர் வயர் அந்த இடத்துக்குத்தான் எட்டும். வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி கலைவாணியின் கணவர் தினகரன். ஒரகடம் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தையல் மெஷினுக்கு மூடி போட்டு, அதன்மேல் அட்டையும் தாளும் வைத்துக்கொண்டு நான்.

இப்படி முதலில் குறித்துக்கொள்வது என் வழக்கம். பிள்ளையார்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு மனுவும் கடிதமும் எழுதித் தருகிறேன். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று யாராவது வந்து நிற்பார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று குறித்து வைத்திருந்தால், அவரவர் சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். கலைவாணி பிறந்த ஊர் திருப்புட்குழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊர் அம்மனுக்குப் புதுப் பட்டு சாத்துவார்கள். வருஷா வருஷம் கடையில் வாங்குவதுதான். கடையில் புடவை காட்டுகிறவர்கள் தங்கள் தோளில் போட்டு முந்தியைக் காட்டுவார்கள் இல்லையா, அதைக்கூடச் செய்யவிட மாட்டார்கள். ‘விரிக்காதீங்க, மடிப்போடவே குடுங்க’ என்று கைலாசம் முன்னால் நின்று வாங்கி வருவார். மனிதர் கட்டிய புடவை அம்மனுக்கு ஆகாது; அந்த ஊரில் அது கண்டிப்பு.

இந்த வருஷம் ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடி, நம்ம ஊர்ப் பெண் காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். கலைவாணி ஒப்புக்கொண்டாள். அரக்கு நிறத்தில் உடல், மயில்கழுத்துப் பச்சையில் கரை. நிறமும் கரையும் அவளே தேர்ந்தது. அதுவரை அவள் நெய்ததெல்லாம் மற்றவர்கள் கொடுத்த டிசைன். ‘நான் நெய்ததை அம்மன் இடுப்பில் பார்க்கப் போகிறேன்’ என்று என் கடைக்கு வந்து அவள் சொன்னபோது, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

புடவை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு வீடியோவும் போய்ச் சேர்ந்தது. சந்தியா தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். அதில் கலைவாணி தோளில் அரக்குப் பட்டோடு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கீழே சந்தியா எழுதியிருந்தது: ‘அக்கா கட்டிப் பார்த்த அம்மன் புடவை.’ பக்கத்தில் மூன்று சிவப்பு இதயம். கோயில் கமிட்டித் தலைவரின் மருமகள் அதைப் பார்த்துவிட்டாள்.

கமிட்டி கூடியது. நடந்தது என்ன என்று கலைவாணி கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும், போனில் பேசினால் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள், தாளில் வரட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். அதைப் படித்துத்தான் முடிவு. முடிவு தெரிகிறவரை புடவை அம்மன் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று அதையும் கைலாசத்திடமே திருப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மறுநாள் ஆடி வெள்ளி.

“நான் ஒண்ணும் வாதாட வரலம்மா,” என்றார் கைலாசம். “கடிதாசு குடுத்தா வாங்கிக்கினு போவேன். பைய இங்க வெச்சிட்டுப் போறேன். நல்லபடியா முடிவாச்சின்னா காலைல வந்து எடுத்துக்கினு போறேன். இல்லன்னா… கடையில ஒண்ணு எடுக்கச் சொல்லியிருக்காங்க.”

“இங்க வைக்கிறேன்னு சொல்லிக்கினு மடியிலயே வெச்சிருக்கியேபா,” என்றாள் காந்தாக்கா. “அடைகாக்குறியா?”

“தரையில எப்படிமா வைக்கிறது இத?”

பேச்சை மாற்றுவதற்காக அவர் தறியைக் காட்டினார். தறியில் அடுத்த வேலை ஏறியிருந்தது. கத்திரிப்பூ நிறம், கொஞ்சம்தான் ஓடியிருந்தது. “இது அடுத்த புடவையா?”

“ஐயோ, புடவைன்னு சொல்லாதபா!” காந்தாக்கா கையால் காற்றை விரட்டினாள். “தறியில இருக்கிற வரைக்கும் பாவுதான். அறுத்து, கற்பூரம் காட்டி, மடிச்சப்புறம்தான் அதுக்குப் புடவைன்னு பேரு. முன்னாடியே பேரு வெச்சா இழை அறும். இந்தத் தெருவுல யார கேட்டாலும் ‘பாவு ஓடுது’ம்பாங்க. புடவை ஓடுதுன்னு சொல்ல மாட்டாங்க.”

“சரிமா, பாவு,” என்றார் கைலாசம்.

நான் வேலையைத் தொடங்கினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், வணக்கம் எல்லாம் எழுதியாகிவிட்டது. கமிட்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதிலும் ஒரே வாக்கியம்தான். ரஃப் தாளில் அதை இப்படி எழுதினேன்:

நான் அந்தப் புடவையை __________.

நான் படித்தது வாலாஜாபாத் பள்ளிக்கூடத்தில். தமிழ்ப் பரீட்சையில் எனக்குப் பிடித்தது கோடிட்ட இடத்தை நிரப்புக. அடைப்புக்குள் நாலு சொல் இருக்கும். ஒவ்வொன்றையும் கோட்டின்மேல் உட்கார வைத்து, வாக்கியத்தை முழுதாக வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். மூன்று சொல் நாக்கில் இடறும். இடறாததை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவேன். இன்றைக்கும் கடிதத்தில் ஒரு சொல் சிக்கினால் இதையேதான் செய்கிறேன். ஒரே வித்தியாசம், இப்போது அடைப்புக்குள் சொற்களை யாரும் போட்டுத் தருவதில்லை.

“இதுல யோசிக்க இன்னா இருக்குது?” என்றார் தினகரன். “‘கட்டவில்லை’ன்னு ஒரே வார்த்தை போட்டு ஒட்டுங்க சத்யாக்கா.”

“வீடியோ பார்த்தவங்க இருக்காங்க,” என்றாள் கலைவாணி. “கட்டலைன்னா அப்ப இன்னா பண்ணுனன்னுதான கேப்பாங்க? நான் பண்ணுனது இன்னான்னு எழுதணும். பண்ணாததை எழுதி எதுக்கு?”

“நான்தான்கா எல்லாத்துக்கும்…” சந்தியா போனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “சும்மா ஒரு ஃப்ளோல ‘கட்டிப் பார்த்த’ன்னு டைப் பண்ணிட்டேன்.”

“உன் ஃப்ளோ திருப்புட்குழி தாண்டிப் போயி நின்னுச்சு,” என்றாள் காந்தாக்கா. கோட்டின்மேல் நான் ‘கட்டிப் பார்த்தேன்’ என்று எழுதியதும் அவள் எழுந்து தினகரனின் தோளிலிருந்த துண்டை உருவினாள். “கட்டுறதுன்னா இன்னா? இதோ. சுத்தணும். கொசுவம் வைக்கணும். இடுப்புல சொருகணும். இவ இதுல எதுனா பண்ணாளா? அப்ப கட்டல. அடிச்சிடு.”

அடித்தேன். ‘உடுத்தினேன்’ என்று எழுதிப் படித்தேன்.

“அது கட்டுறதையே ஷோக்கா சொல்றது,” என்றார் கைலாசம். “எங்க தலைவரு ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுத்துக்குவாரு.”

‘அணிந்தேன்.’

“எங்க கம்பெனி கேட்லயே எழுதி வெச்சிருக்கான், ‘தலைக்கவசம் அணிந்து உள்ளே வரவும்’னு,” என்றார் தினகரன். “வேணாம்கா. எனக்கு ஷிப்ட் ஞாபகம் வருது.”

‘போர்த்தினேன்.’

கைலாசம் சிரித்தார். ஊரில் கட்சிக்காரர்; மேடையில் நிறையப் பார்த்தவர். “போர்த்துறது எங்க ஆளுங்க வேலம்மா. ஒரு பக்கம் போட்டோக்காரன் நிக்கணும். இன்னொரு பக்கம் மைக்கு.”

“அப்ப ‘சாத்தினேன்’?” என்றாள் சந்தியா. “அம்மன் புடவைதான, அம்மன் வார்த்தையே போடலாமே.”

கைலாசத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. “கன்னத்துல போட்டுக்கோ பாப்பா. சாத்துறது சாமிக்கு. உங்க அக்கா தனக்கே சாத்திக்கினாளா?” சந்தியா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோட்டின்மேல் அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை.

“சிம்பிளா ‘போட்டுப் பார்த்தேன்’னு எழுதேன்,” என்றாள் காந்தாக்கா.

படித்தேன். “நான் அந்தப் புடவையைப் போட்டுப் பார்த்தேன்.” கேட்டவுடனே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கட்டிப் பார்த்தேன் என்பதைவிட இது மோசம். துணிக்கடையில் திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. காந்தாக்காவே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

தினகரனுக்குத் தூக்கம் கலைந்திருந்தது. “‘சரிபார்த்தேன்.’ எங்க லைன்ல கியூசி இருக்குதில்ல, அது மாதிரி. பொருள் வெளிய போறதுக்கு முன்னாடி செக் பண்ணி அனுப்புறோம். யாரு தப்பு சொல்ல முடியும்?”

இது இடறவில்லை. நான் சுத்தத் தாளை எடுக்கக் கை நீட்டினேன். கலைவாணி மறுபடி ஒரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“தோள் எங்க போச்சு?” என்று கேட்டாள்.

தாள் எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

“சரிபார்த்தேன்னா தரையில விரிச்சு ஸ்கேல் வெச்சு அளந்த மாதிரி இருக்குது. நான் தோள்லதான போட்டேன்? வீடியோல தோள்தான தெரியுது?”

கைலாசம் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். “நான் ஒண்ணு கேக்கலாமா கலா? தப்பா நினைக்காத. தோள்ல இன்னாத்துக்குப் போட்ட? தரையில விரிச்சுப் பார்த்தா தெரியாதா?”

“தெரியாதுண்ணா. தரையில எல்லாமே நேராத்தான் இருக்கும். உடலும் கரையும் வேற வேற இழை. நானும் காந்தாக்காவும் ஒவ்வொரு ஓட்டத்துலயும் ரெண்டையும் கோத்துக் கோத்து நெய்யறோம். எங்கியாவது ஒரு கை இறுக்கிடுச்சின்னா, தொங்கும்போதுதான் கரை சுருளும்.”

“கொடியில போட்டுத் தொங்க விடறது?”

“கொடி நேரா இருக்குது. தோள் சரியும்ல? அந்தச் சரிவுல முந்தி ஜரிகை கனத்தோட இழுக்கும்போதுதான் எதுவும் தெரியும். அம்மனுக்கும் தோள் சரிவுதான.”

“கல்லுத் தோளு.”

“எனக்குக் கல்லுத் தோள் இல்லியே. இருக்கிறதுலதான பார்க்கணும்?”

கைலாசம் அதை யோசித்துக்கொண்டே பையின் காதை விரலில் சுற்றினார். பிறகு முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

“அப்ப நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா? ‘தாங்கினேன்.’ எங்க ஊர்ல அம்மன் பல்லக்க தோள்ல தாங்குறதுன்னா அவ்ளோ மரியாதை. தாங்குறவங்களுக்குத்தான் முதல் மாலை. ‘நான் அந்தப் புடவையைத் தோளில் தாங்கினேன்’னு எழுதுங்க. தலைவரு கடிதாசயே கண்ணுல ஒத்திக்குவாரு.”

எழுதினேன். படித்தேன். எங்கேயும் இடறவில்லை. தோளும் வந்துவிட்டது. கேட்க நன்றாக, கோயில் மணிச் சத்தம் போல இருந்தது. காந்தாக்கா ‘ஆமா’ என்றாள். தினகரன் நிலையை விட்டு உள்ளே வந்து, “மாமா, நீங்க இங்கியே ஒரு கடை வெச்சிடலாம்,” என்றார். சந்தியா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகத்தோடு அக்காவைப் பார்த்தாள்.

சுத்தத் தாளில் எழுதத் தொடங்கினேன். ‘நான் அந்தப் புடவையைத் தோளில் தா’ என்பதுவரை வந்துவிட்டேன்.

“வேணாம்கா,” என்றாள் கலைவாணி.

“ஏன்டி?” என்றார் தினகரன்.

“நல்லாத்தான் இருக்குது. படிச்சா எனக்கே கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்குது. ஆனா நான் தாங்கல. பார்த்தேன்.” குழிக்குள் தொங்கிய கால்களை மேலே எடுத்துக்கொண்டாள். “முதல்ல கரைய பார்த்தேன். சுருளல. அப்புறம் கண்ணாடில என்னைப் பார்த்தேன். எனக்கு எப்படி இருக்குதுன்னு பார்த்தேன்.”

“அப்பதான்கா நான் வீடியோ எடுத்தேன்,” என்றாள் சந்தியா மெதுவாக. “நீ சிரிச்சியே.”

கைலாசத்தின் கை பையை இறுக்கியது. “கலா, இத எழுதுனா கஷ்டம்மா. எழுதாட்டி யாருக்கும் தெரியாது.”

“வீடியோல சிரிப்பு இருக்குதுண்ணா. தாங்குறவங்க சிரிப்பா அது?” அவள் குரல் உயரவில்லை. “தாங்கினேன்னு எழுதி அனுப்பிட்டு, நாளைக்குக் கூட்டத்துல நின்னு அம்மன் இடுப்புல அத பார்க்கும்போது நான் இன்னா நினைச்சுக்குவேன்? பார்க்கணும்னுதான நெய்ஞ்சேன். நிமிந்து பார்க்க முடியலைன்னா, போயி எதுக்கு?”

தினகரன் திரும்ப நிலைக்குப் போய்ச் சாய்ந்துகொண்டார். நான் பாதி எழுதிய தாளைக் கிழித்தேன்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. இவ்வளவு நேரம் சொல் தேடியிருக்கிறோம். அந்தச் சொல் எதைக் காட்ட வேண்டுமோ, அதை நான் பார்க்கவே இல்லை. ஸ்டேட்டஸ் வந்த அன்று நான் போனைத் திறக்கவில்லை. “சந்தியா, அந்த வீடியோவைக் காட்டு,” என்றேன்.

போனை சார்ஜரிலிருந்து பிடுங்கினால் அணைந்துவிடும் என்றாள். ஆகவே எல்லாரும் எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போய்க் குனிந்தோம். கைலாசமும் வந்தார், பையோடு.

சின்ன வீடியோதான். கலைவாணி இதே தறிக்கு முன்னால் நிற்கிறாள். இடது தோளில் முந்தி விழுகிறது. குனிந்து கரையைத் தடவிப் பார்க்கிறாள். நிமிர்கிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். அவ்வளவுதான். சந்தியா மறுபடி ஓடவிட்டாள். நான் கலைவாணியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை முந்தியில். இன்னொரு கை பின்னால் எதையோ தூக்கிப் பிடித்திருந்தது.

“நிறுத்து, நிறுத்து,” என்றார் கைலாசம். “அவ முதுகுக்குப் பின்னால பளபளன்னு நீளமா போவுதே, அது இன்னா?”

“பட்டுதான்,” என்றாள் காந்தாக்கா. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “நெய்ஞ்ச வரைக்கும் அவுத்து விட்டிருக்கா. அந்தப் பக்கம் இன்னும் தறியிலதான் இருக்குது. அறுக்கல.”

“அறுக்கலையா?”

“அறுக்கறதுக்கு முன்னாடிதான்பா பார்க்கணும். கரை சுருண்டா அறுத்தப்புறம் பார்த்து இன்னா புண்ணியம்? கடைசி முழத்த பிரிச்சாவது சரி பண்ண வேணாமா?”

கைலாசம் போனைப் பார்த்தார், பிறகு தறியைப் பார்த்தார், பிறகு காந்தாக்காவைப் பார்த்தார். “அப்ப, நீங்க சொன்ன கணக்குப்படி, அன்னிக்கு இவ தோள்ல இருந்தது புடவையே இல்ல.”

காந்தாக்கா மறுபடி குனிந்து போனைப் பார்த்தாள். “ஆமாயில்ல,” என்றாள். “பாவு.”

“நான் அத யோசிக்கவே இல்லண்ணா,” என்றாள் கலைவாணி. “எல்லாரும் புடவை புடவைன்னதும் நானும் புடவைன்னே சொல்லிக்கினு இருக்கேன்.”

“ஆனா அது சும்மா பேரு மாத்துறதுதான?” என்று கேட்டார் தினகரன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் அதே சந்தேகம். “பாவோ புடவையோ, தோள்ல பட்டுது. ஒரே பட்டுதான?”

கைலாசம் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். “எங்கம்மா இருக்காங்கல்ல மாப்ள,” என்றார். “அம்மனுக்கு மல்லி பறிக்கப் போனா, செடியிலயே மூக்க வெச்சு மோந்து மோந்து பார்ப்பாங்க. எது நல்லா இருக்குதோ அத பறிப்பாங்க. பறிச்ச நொடியிலேர்ந்து வாயில முந்தானைய சுத்திக்குவாங்க. மூச்சுக்கூடப் படக்கூடாது. நான் சின்னதுல கேட்டிருக்கேன், இப்பதான மோந்தீங்க, இப்ப இன்னா ஆச்சின்னு. ‘அப்ப அது செடியோடது, இப்பதான் அவளோடது’ன்னாங்க. யாரும் எங்கம்மாவுக்கு நோட்டீஸ் விடல.”

தினகரன் துண்டைக் காந்தாக்கா கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் ரஃப் தாளை எடுத்துப் பார்த்தேன். ‘நான் அந்தப் புடவையை’ என்பது ஒவ்வொரு தடவையும் அப்படியே இருந்தது. அடித்து அடித்து எழுதியதெல்லாம் அதற்குப் பின்னால்தான். கோட்டை நான்தான் போட்டேன். போட்ட இடம் தப்பு. ‘புடவையை’ என்பதை அடித்துவிட்டு அங்கே ஒரு கோடு போட்டேன். எல்லாருக்கும் காட்டினேன்.

‘பாவை’ என்று எழுதினால் கமிட்டிக்காரர்களுக்குப் புரியாது, பொம்மை என்பார்கள் என்றார் கைலாசம். ‘துணியை’ என்றதும் காந்தாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மனுக்குப் போவதைத் துணி என்பதா? சந்தியாதான், இந்தத் தடவை டைப் செய்யாமல், யோசித்துச் சொன்னாள்: “‘நெசவு’ன்னு சொல்லலாமாக்கா? தறியில் இருந்த நெசவு.”

‘தறியிலிருந்து அறுக்காத நெசவின் முந்தியை நான் தோளில் __________.’

இப்போது வினைச்சொல்லுக்கு வந்தோம். காந்தாக்கா முதலில் சொல்லி, அவளே வேண்டாம் என்ற சொல்லை வைத்துப் படித்தேன். “தறியிலிருந்து அறுக்காத நெசவின் முந்தியை நான் தோளில் போட்டுப் பார்த்தேன்.” திரைக்குப் பின்னால் போய் மாற்றி வந்தவளை இதில் காணவில்லை. தறிக்கு முன்னால் நிற்கிற ஒருத்திதான் இருந்தாள். சொல் அதேதான், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பக்கத்தில் இருந்த சொல் மாறியதும் இது இப்படி நேராக உட்கார்ந்துகொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். ஆமாம்.

“முடிஞ்சுது,” என்றார் தினகரன்.

“இன்னும் ஒரு வரி இருக்குது,” என்றாள் கலைவாணி. அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். கரை சுருளுகிறதா என்று பார்த்தேன், சுருளவில்லை. பிறகு, எனக்கு எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தேன். அதன் பிறகு அறுத்துக் கற்பூரம் காட்டி மடித்தேன். மடித்த பின் யார் தோளிலும் படவில்லை.

“அந்த ரெண்டாவது ‘பார்த்தேன்’,” என்று நான் தயங்கினேன். “ஒரே சொல் திரும்பத் திரும்ப வருது. ‘ரசித்தேன்’னு வைக்கட்டுமா?”

“ரசிக்கிற அளவுக்கெல்லாம் நேரம் இல்லக்கா. பாவு அறுந்துடும்னு பயம் வேற. கரையையும் பார்த்தேன், என்னையும் பார்த்தேன். ரெண்டும் பார்த்தேன்தான்.”

அப்படியே விட்டேன். சுத்தத் தாளில் எழுதி, முழுக் கடிதத்தையும் வாய்விட்டுப் படித்தேன். கண்ணாடி வரும் இடத்தில் கைலாசம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “கரை சுருளலைன்னு எழுதியாச்சில்ல?” என்று கேட்டார்.

“எழுதியாச்சு.”

“தலைவரு அதத்தான் முதல்ல கேப்பாரு. போன வருசம் கடையில வாங்குனது சுருண்டுக்கினே நின்னுச்சு. பூசாரி ரெண்டு ஊக்கு குத்தினாரு, அம்மனுக்கு.” மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். “கண்ணாடி சமாச்சாரத்தப் பத்தி எவனாவது கேட்டா, அதுக்கு நான் இருக்கேன்.”

கலைவாணி தறிப் பலகையிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நான் மடித்து உறையில் வைத்தேன். உறையின் கோந்து காய்ந்து ஒட்ட மறுத்தது. காந்தாக்கா அடுப்படிக்குப் போய் நாலு சோற்றுப் பருக்கை எடுத்து வந்து நசுக்கித் தேய்த்தாள்.

“இங்க நடந்தது மொத்தமும் கேட்டுக்கினுதான இருந்தேன்,” என்றார் கைலாசம். “எனக்கெதிர்ல எதுக்கு ஒட்டுறீங்க?”

“ஒட்டுனாதான்பா கடிதாசு,” என்றாள் காந்தாக்கா. “இல்லன்னா அது வெறும் பேப்பரு.”

அவர் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் வாசல்வரை போனோம். ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் தினகரன் கவனித்தார். “மாமா, பைய இங்க வெச்சிட்டுப் போறேன்னீங்களே?”

“நாளைக்கு ஒரு தடவை வரணும்ல மாப்ள,” என்றார் கைலாசம். “பெட்ரோல் விக்கிற விலையில.”

கலைவாணி படியில் நின்றாள். சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனாள்.

கைலாசம் பையை வண்டியின் முன்கொக்கியில் மாட்டிப் பார்த்தார், முழங்காலில் இடித்தது. எடுத்தார். காலுக்கிடையில் வைக்க மனம் வரவில்லை. கடைசியில் அதன் நீளக் காதைத் தலைவழியாகப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இன்னாபா,” என்று காந்தாக்கா கத்தினாள், “தோள்லயா?”

“பைதான தோள்ல,” என்று அவரும் கத்தினார். “சந்தியா பாப்பா, வீடியோ எடுத்துக்க. ஆனா எழுதறதுக்கு முன்னாடி சத்யாக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்க!”

தெருமுனையில் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தவர்கள் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர் சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு முனையில் திரும்பினார்.